படகைக் கப்பலுக்கு முன்னால் விடுவதா, பத்திரத்தை நீதிபதிக்கு முன்னால் வைப்பதா?

மாமாவின் படகு ஆறு மீட்டர் நீளம். பின்னால் இரண்டு எஞ்சின்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக வாயிலுக்கு வடக்கே, வெட்சிஸ் கடற்கரை மணலிலிருந்து தள்ளிக் கடலில் இறக்கும் வகை. இங்கே எல்லோரும் அதை ஸ்கீ போட் என்பார்கள். அவருடைய தாத்தா காலத்தில் குடும்பத்துக்குக் கரைவலை இருந்தது. ஜூன் மாதம் மத்தி மீன் கூட்டம் தெற்கிலிருந்து வரும்போது கரையில் நின்று வலை இழுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இப்போது வலை இல்லை. படகு மட்டும் இருக்கிறது.

போன மாதம் தெற்கு டர்பனில் நாங்கள் வாழும் மெரிபேங்கில் ஒரு கூடத்தில் நாற்பது பேர் கூடினோம். எண்ணெய் தேடும் கப்பல் நம் கரைக்கு மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ஓர் இளைஞர் எழுந்து, "படகுகளை எடுத்துக்கொண்டு போய் நடுக்கடலில் கப்பலை மறிப்போம்" என்றார். கூடம் கைதட்டியது. மாமா கைதட்டவில்லை. "எந்த நடுக்கடலில், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால், வழிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையும் என்னிடமே வந்தது. நான் நடுநிலையாளன் அல்ல. இந்தக் கடலில் எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்ற கட்சிதான் நான். எப்படி எதிர்ப்பது என்பதில் மட்டும்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது.

முதலில் மாமாவின் கேள்வி. நம் கரைக்கு எதிரே உள்ள இ.ஆர். 236 என்ற பகுதியில் ஏனி, சசோல் நிறுவனங்கள் துளையிட்டுப் பார்க்க 2019 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்துப் போன மேல்முறையீடுகளை 2020 டிசம்பரில் அமைச்சர் தள்ளுபடி செய்தார். அந்தத் திட்டத்தில் குறித்திருந்த இடங்கள் கரையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்தன. அறுபது கிலோமீட்டர் என்பது முப்பத்திரண்டு கடல் மைலுக்கு மேல். சிறு படகு கரையிலிருந்து எத்தனை கடல் மைல் போகலாம் என்று இந்நாட்டில் வகை பிரித்துச் சான்றிதழ் தருகிறார்கள். மாமாவின் சான்றிதழ் 15 கடல் மைலோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால், கப்பலை எட்டுவதற்கு முன்பே குற்றவாளி மாமாதான்.

சான்றிதழை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். இந்தக் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் அகுலாஸ் நீரோட்டம் உலகின் வலுவான நீரோட்டங்களில் ஒன்று. அது வேகமாக ஓடும்போது மணிக்கு நான்கு கடல் மைல் வரை இழுத்துச் செல்லும். அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று எழும்பினால் அலைகள் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். 1909 ஜூலையில் இதே டர்பனிலிருந்து கேப்டவுனுக்குப் புறப்பட்ட வராட்டா என்ற நீராவிக் கப்பல், இருநூறுக்கும் மேற்பட்டவர்களுடன் காணாமல் போனது; இன்றுவரை கிடைக்கவில்லை. அது ஆறு மீட்டர் படகு அல்ல, நூறு மீட்டரைத் தாண்டிய கப்பல். நமக்கு ஒன்று ஆகிவிட்டால் தேடி வருபவர்கள் தேசியக் கடல் மீட்பு நிறுவனத்தின் தொண்டர்கள். சம்பளம் வாங்காமல், இரவு உறக்கத்திலிருந்து எழுந்து வருகிறவர்கள். நம் வீரத்துக்கு அவர்களைப் பணயம் வைக்கலாமா என்று கூட்டத்தில் கேட்க நினைத்தேன். கைதட்டல் ஓயவில்லை; கேட்கவில்லை.

சரி, பெரிய படகு கிடைக்கிறது, காற்றும் ஒத்துழைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். போய் என்ன செய்வது? இங்கே இரண்டு வகைக் கப்பல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நில அதிர்வு ஆய்வுக் கப்பல். காற்றுத் துப்பாக்கிகளால் கடலடிக்கு ஒலியைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைப் பல கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள்களில் பதிவு செய்துகொண்டே மெதுவாக நகரும். பின்னால் போனால் நம் புரொப்பெல்லர் கேபிளில் சிக்கும். முன்னால் போனால் சட்டென்று திரும்ப முடியாத கப்பலின் மூக்குக்கு நேரே நிற்கிறோம். இன்னொன்று துளையிடும் கப்பல். அது ஓரிடத்தில் நிற்கும், எண்ணெய் பீறிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் அதனோடுதான் வருகிறது. இரண்டுக்கும் நம் சட்டத்தில் 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் உண்டு. 500 மீட்டருக்கு வெளியே நின்று பதாகை பிடித்தால், கப்பலின் மேல்தளத்தில் இருப்பவருக்குத் தொலைநோக்கி இருந்தால்தான் வாசகம் தெரியும்.

நடுக்கடலில் மறித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். நியூசிலாந்தில் 2011இல் பெட்ரோபிராஸ் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பலை எதிர்த்து தெ வானௌ-அ-அபனுயி என்ற மாவோரிக் குலத்தாரும் கிரீன்பீஸும் சேர்ந்து பல வாரங்கள் கடலில் நின்றார்கள். குலத்தாரின் மீன்பிடிப் படகான சான் பியெத்ரோவின் தலைவரைக் கைது செய்தார்கள். ஆய்வு அப்போது நிற்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு இறுதியில் பெட்ரோபிராஸ் தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. படகுகளால்தான் அது நடந்ததென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். படகுகளுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

2013இல் நியூசிலாந்து அரசு என்ன செய்தது என்பதைப் பாருங்கள். கடலில் எண்ணெய் வேலையில் குறுக்கிடுவதைத் தனிக் குற்றமாக்கி, 12 மாதம் வரை சிறை, 50,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம் என்று சட்டம் திருத்தியது. அதே ஆண்டு நவம்பரில் அனடார்கோ நிறுவனத்தின் துளையிடும் கப்பல் வந்தபோது வேகா என்ற பாய்மரப் படகு வளையத்துக்குள்ளேயே போய் நின்றது. கப்பல் அதைப் பொருட்படுத்தாமல் துளையிட்டது. கிணறு வறண்டிருந்தது. அந்த வறட்சிக்கும் வேகாவுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் படித்தபோது நான் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை.

இன்னும் கடுமையான உதாரணமும் உண்டு. 2013 செப்டம்பரில் ஆர்க்டிக் கடலில் ரஷ்ய எண்ணெய் மேடை மீது ஏற முயன்றதை அடுத்து, ஆர்க்டிக் சன்ரைஸ் கப்பலில் இருந்த 30 பேரையும் ரஷ்யா பிடித்துவைத்தது. முதலில் கடற்கொள்ளைக் குற்றச்சாட்டு, பிறகு ரவுடித்தனம். இரண்டு மாதம் சிறை. அந்தக் கப்பலில் நெதர்லாந்துக் கொடி பறந்ததால், நெதர்லாந்து அரசே சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் அவர்களை விடுவிக்க உத்தரவு வாங்கியது. மாமாவின் படகில் பறப்பது தென்னாப்பிரிக்கக் கொடி. எண்ணெய் தேட உரிமம் கொடுத்த அரசின் கொடியும் அதேதான்.

ஆகவே தொலைகடல் மறியல் நமக்கானது அல்ல. பெரிய அமைப்பும் ஆழமான பையும் வழக்கறிஞர் படையும் உள்ளவர்களுக்கான வழி அது. அவர்களுக்கும் மலிவாக முடிவதில்லை. 2023இல் ஷெல் நிறுவனத்துக்காகக் கொண்டுசெல்லப்பட்ட எண்ணெய்க் கலம் ஒன்றில் ஏறிய கிரீன்பீஸ்காரர்கள் மீது ஷெல் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் சமரசம் ஆனது. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு 3,00,000 பவுண்டு தர கிரீன்பீஸ் சம்மதித்தது.

இப்போது கரைக்குத் திரும்புவோம். 2021 டிசம்பரை இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை. ஷெல்லுக்காக அமேசான் வாரியர் என்ற ஆய்வுக் கப்பல் நமக்குத் தெற்கே உள்ள வைல்டு கோஸ்ட் கரைக்கு எதிரே 6,011 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒலி செலுத்த வந்தது. 10 வினாடிக்கு ஒருமுறை, இரவு பகலாக, மாதக்கணக்கில். நாடு முழுக்கக் கடற்கரைகளில் மக்கள் கூடினார்கள். அட்டைப் பலகை, குழந்தைகள், நாய்கள், சறுக்குப் பலகைகள். எரிசக்தி அமைச்சர் குவேடே மண்டாஷே அந்த எதிர்ப்பைப் புதுவகைக் காலனியம் என்ற பொருள்படப் பேசினார். வழக்குத் தொடுத்தவர்களில் அதே கரையிலுள்ள பொண்டோலாந்தின் கறுப்பின கிராமத்தவர்களும் இருந்தார்கள் என்பதை அவர் அப்போது நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடற்கரைக் கூட்டம் மலிவானது. பதினைந்து பேருக்கு மேல் கூடுவதென்றால் ஏழு நாள் முன்னதாக நகராட்சிக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பு கொடுக்காமல் கூடியதற்காகக் கூட்டியவரைச் சிறையில் தள்ள வழிசெய்த பிரிவை அரசியல் சாசன நீதிமன்றம் 2018 நவம்பரில் செல்லாததாக்கிவிட்டது. என்றாலும் அறிவிப்பைக் கொடுத்துவிடுவதே நல்லது. போலீஸ்காரரிடம் நீட்ட ஒரு காகிதம் இருந்தால் ஆயாக்கள் தைரியமாக வருவார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கூடக் கலந்துகொள்ள முடிகிற ஒரே வழி இது. படகில் நாலு பேர், கரையில் நானூறு பேர்.

அதன் பலவீனமும் வெளிப்படை. கப்பல் அதைப் பார்ப்பதில்லை. பார்ப்பது பத்திரிகையாளர்கள், நம் இந்திய வானொலியான லோட்டஸ் எஃப்.எம். கேட்பவர்கள், ஒருவேளை ஒரு நீதிபதியின் பக்கத்து வீட்டுக்காரர்.

கூட்டத்தில் யாரும் சொல்லாத, ஆனால் எனக்குப் பிடித்த வழி ஒன்று இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: துறைமுக வாயில். துளையிடும் கப்பல் கடலிலேயே நின்றாலும் அதற்குச் சோறு, டீசல், குழாய், ஆள் எல்லாம் ஒரு துறைமுகத்திலிருந்துதான் போக வேண்டும். இ.ஆர். 236 திட்டத்துக்கு அந்தத் துறைமுகம் ரிச்சர்ட்ஸ் பே அல்லது டர்பனாக இருந்திருக்கும். கப்பல் அறுபது கிலோமீட்டர் தள்ளி நிற்கலாம். அதன் சமையலறைக்கு அரிசி போகும் வழி நம் வாசலில். சியாட்டிலில் 2015 மே மாதம் ஷெல்லின் ஆர்க்டிக் துளையிடும் மேடை துறைமுகத்துக்கு வந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் கயாக் படகுகளில் சுற்றி நின்றார்கள். அந்தப் படம் உலகம் சுற்றியது. ஷெல் அதே செப்டம்பரில் ஆர்க்டிக்கை விட்டுப் போனது. கிணற்றில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதே நிறுவனம் சொன்ன முதல் காரணம்.

டர்பனில் துடுப்புப் படகுக்குப் பஞ்சம் இல்லை. துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, கப்பல் தடத்தை மறிக்காமல், வாயிலுக்கு வெளியே வரிசையாக நிற்கலாம். உயிர்காப்புச் சட்டை இல்லாதவருக்கு இடம் இல்லை. வானொலி வைத்திருக்கும் ஒரு பெரிய படகு காவலுக்கு நிற்கட்டும். மாமா அதற்குச் சம்மதிக்கிறார். "இது சரி. மீன் பிடிக்கப் போகிற தூரம்தான்" என்றார். அனுமதி மறுக்கப்படலாம். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமே ஒரு செய்தி.

அடுத்து, கைதட்டல் வாங்காத வழிக்கு வருகிறேன்: காகிதம். 2021 டிசம்பர் நிகழ்வுகளை வரிசையாகப் படித்தபோதுதான் எனக்கு இதன் எடை புரிந்தது. அமேசான் வாரியரை நிறுத்தக் கோரிய முதல் அவசர மனு டிசம்பர் 3 அன்று தள்ளுபடியானது. தீங்கு போதுமான அளவு நிறுவப்படவில்லை என்பது நீதிபதியின் நிலை. அதே மாதம் 28ஆம் தேதி, அதே கப்பல், அதே கடல், இன்னொரு மனு. இடைக்காலத் தடை கிடைத்தது. இடையில் என்ன மாறியது? இரண்டாவது மனுவில் கடலை நம்பி வாழ்கிற டுவெசா-க்வேபே, அமடிபா ஊர்க்காரர்கள் தங்கள் வாயால் பேசியிருந்தார்கள். எப்போது எந்த மீன் வருகிறது, கடலில் தங்கள் மூதாதையர் இருக்கிறார்கள், கடலை எப்படி வணங்குகிறார்கள், எந்த நோய்க்குக் கடல் நீர் மருந்து என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். விஞ்ஞானிகளின் பிரமாணப் பத்திரங்களும் கூடவே இருந்தன.

2022 செப்டம்பர் 1 அன்று மக்காண்டா உயர் நீதிமன்றம் ஷெல்லின் ஆய்வு உரிமையையே ரத்து செய்தது. கருத்துக்கேட்பு என்ற பெயரில் நிறுவனம் செய்தது என்ன? ஆங்கில, ஆப்பிரிக்கான்ஸ் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது, குலத் தலைவர்களைச் சந்தித்தது. கோசா மொழி பேசுகிற, பத்திரிகை எட்டாத ஊர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. தலைவரிடம் பேசினால் மக்களிடம் பேசியதாகாது என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவு சரிதான் என்றது. ஆனால் உரிமையைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்தும் வைத்தது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2022இல் மேற்குக் கரையிலும் ஓர் ஆய்வுக் கப்பலைச் சிறு மீனவர்கள் இதே வகையில் தடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் கேப்டவுன் உயர் நீதிமன்றம் டோட்டல்எனர்ஜிஸ் திட்டம் ஒன்றின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. எண்ணெய் பீறிட்டால் என்ன செய்வோம் என்ற அவசரத் திட்டங்களை மக்கள் பார்வைக்கு வைக்காததும் அங்கே குறையாகக் கண்டறியப்பட்டது.

ஆக, இந்நாட்டுக் கடலில் ஆய்வுக் கப்பலைத் திருப்பி அனுப்பியது படகு அல்ல, பிரமாணப் பத்திரம்.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஓர் அக்கா சரியான கேள்வி கேட்டார்: "அவர்கள் பொண்டோ மக்கள், காலங்காலமாக அங்கே இருப்பவர்கள். நாம் 1860இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். நாம் போய் மூதாதையர் கடலில் இருக்கிறார்கள் என்றால் நீதிபதி சிரிக்க மாட்டாரா?"

இதைப் பல நாள் யோசித்தேன். அமடிபா மக்களின் உரிமையை நாம் கடன் வாங்கக் கூடாது, அது அவர்களுடையது. மொழி வாதமும் நமக்குப் பொருந்தாது. மெரிபேங்கில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர் இன்று அபூர்வம்; தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான் அதைவிட அபூர்வம். ஆனால் நமக்கென்று ஒன்று இருக்கிறது. கரைவலைக் குடும்பங்கள் நூறு ஆண்டுக்கு மேல் இதே கரையில் மத்தி வரும் நாளைக் கணக்கு வைத்திருக்கின்றன. சாலிஸ்பரி தீவிலிருந்த மீனவக் குடும்பங்களை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைத் தளத்துக்காக அகற்றினார்கள். உம்கேனி ஆற்று முகத்தில், ப்ளூ லகூனில், நாம் அஸ்தி கரைக்கிறோம். இவை புராணம் அல்ல. தேதியும் ரசீதும் உள்ள வாழ்க்கை. அதைச் சத்தியம் செய்து சொல்ல எந்த நீதிபதியின் முன்பும் கூச்சப்பட வேண்டியதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவர் முழுக்க ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

காகித வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அது மெதுவானது, சலிப்பானது, கெடுவால் ஆளப்படுவது. சுற்றுச்சூழல் அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள். அனுமதி கிடைத்ததாக அறிவிப்பு வந்தால் மேல்முறையீட்டுக்கு 20 நாள். நாம் முன்பே பாதிக்கப்படும் தரப்பாகப் பதிவு செய்திருந்தால்தான் அந்த அறிவிப்பு நேராக நம்மைத் தேடி வரும். அறிக்கைகளோ ஆயிரக்கணக்கான பக்கங்கள். பணம் பற்றிய பயம் இன்னொன்று. பொதுநல வழக்கறிஞர் அமைப்புகள் கை கொடுக்கின்றன. அரசியல் சாசன உரிமைக்காக அரசை எதிர்த்து நேர்மையாக வழக்காடித் தோற்றவர் மீது பொதுவாகச் செலவைச் சுமத்தக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு பயோவாட்ச் தீர்ப்பு இருக்கிறது. அது முழுக் கவசம் அல்ல, ஆனாலும் குடை.

நம் பகுதியிலேயே முன்னுதாரணம் உண்டு. தென் டர்பன் சுற்றுச்சூழல் கூட்டணியின் டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014இல் சுற்றுச்சூழல் போராளிகளுக்கான கோல்ட்மன் பரிசு கிடைத்தது, சாட்ஸ்வர்த் பக்கத்து நச்சுக் குப்பைக் கிடங்கை மூடவைத்ததற்காக. இ.ஆர். 236 அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

வேலை வேண்டும் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்ததையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன். சுத்திகரிப்பு ஆலைகள் நின்றுபோன தெற்கு டர்பனில் அந்த முணுமுணுப்பை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆழ்கடல் தேடலில் கிடைக்கும் உள்ளூர் வேலை சொற்பம், அதுவும் சில மாதங்களுக்கு. மோசல் பே எதிரே 2019, 2020 ஆண்டுகளில் எரிவாயு கண்டுபிடித்த டோட்டல்எனர்ஜிஸ், லாபமாக விற்க வழியில்லை என்று 2024இல் விலகிக்கொண்டது. அந்த எரிவாயுவை நம்பிக் காத்திருந்த ஊருக்கு அந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் குழுவுக்கு நான் எழுதிய பரிந்துரை இது. இப்போதே, எந்தக் கப்பலும் கண்ணில் படாத இந்த நேரத்திலேயே, காகித வேலை. பதிவு செய்வது, பழைய மீன்பிடி அனுமதிகள், வலைப் படங்கள், பிடித்த மீன் கணக்கு எல்லாவற்றையும் சேர்ப்பது, பெரியவர்களின் நினைவைக் கையெழுத்தோடு எழுதி வாங்குவது. கருத்துக்கேட்புக் காலம் தொடங்கும் வாரத்தில் ஒரு கடற்கரைக் கூட்டம். கப்பல் வந்த பிறகு அல்ல, முடிவு எடுப்பவர் இன்னும் முடிவெடுக்காதபோது. துறைமுக வாயில் படகு வரிசை ஒரே ஒருமுறை, நீதிமன்றத் தேதிக்கு முந்தைய ஞாயிறு, நல்ல வானிலையில். தொலைகடல் மறியல் வேண்டாம்.

இளைஞருக்கு இது பிடிக்கவில்லை. "காகிதத்துக்குப் பயப்படுகிற கப்பல் எங்கே இருக்கிறது?" என்றார். 2021 டிசம்பர் 28 என்று பதில் சொன்னேன். அவர் உடனே, அந்தக் கடற்கரைக் கூட்டங்கள் இல்லாவிட்டால் அந்த வழக்கு அவ்வளவு வேகமாக எழுந்திருக்குமா என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. அவரைப் படகு வரிசைக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறோம்.

மாமா ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவருடைய அப்பாவின் கரைவலை அனுமதிச் சீட்டுகளும், ஆண்டுவாரியாக மத்தி வந்த தேதிகள் எழுதிய மூன்று நோட்டுப் புத்தகங்களும். பெரும்பாலானவற்றை நகல் எடுத்துவிட்டேன். இரண்டாவது நோட்டில் 1987 ஜூன் பக்கங்கள் மட்டும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கிழியாமல் பிரிக்கத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.